கேட்கப்படாத ஓர் இசைத்தட்டும் கேட்டவர் கருத்தும்



ஓர் இசைத்தட்டைப் பற்றி, அந்தமானில் ரங்கத் என்னும் ஊரில் வாழும் தமிழர் சிலர் கொண்ட கருத்துகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அந்தத் தட்டு புதியதன்று. 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றியவர் அறியப்படாதவரும் அல்லர். தமிழகத்திலும், தமிழர் சென்று குடியேறிய ஊர்கள் அனைத்திலும் சிறு குழந்தையும் அறிந்த பெயர் அவருடையது. இளையராஜா அவர்கள் இயற்றிய 'ஹௌ டு நேம் இட்?' என்பதே அத்தட்டு. இவ்வளவு புகழ் வாய்ந்த ஒருவரின் படைப்பாயிருந்தும், எங்கள் கூட்டத்தில் இருந்த பதினால்வரில் அதனை முன்னரே முழுமையாகக் கேட்டிருந்தவர் ஒருவரும் இலர். இது எவ்வாறு நேர்ந்தது? கேட்ட பின்னர் அவர்கள் என்ன கூறினர்? இவ்விரு வினாக்களைக் குறித்தே இப்பேச்சு.

முதலில் ரங்கத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். இது நடு அந்தமான் தீவில் உள்ள சிற்றூர். 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வழங்கும் போர்ட் பிளேயரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இடையே அடர்ந்த காடும் கடற்கால்களும் உண்டு. நாடு பிரிந்த பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள் இங்கு மிகுதி. அவர்களோடு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோர் எனப் பலரும் கலந்து வாழ்கின்றனர். அனைவருக்கும் பொதுவாயிருப்பது இந்தி.

முற்காலத்தில் சென்னையில் வெளியாகும் ஒரு பாட்டு இங்கு வந்து சேர வேண்டுமாயின், அது ஒலிநாடாவாகக் கப்பலேறி, மூன்று நாள் அளவு கடலைக் கடந்து, பின்னர்ச் சாலை வழியே வர வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்புவோரின் பெட்டியில் கருவாடும் அப்பளமும் கொண்டது போக எஞ்சிய சிறிது இடத்தில் எந்த ஒலிநாடா இடம் பெறும்? எல்லாரும் விரும்பிக் கேட்கும் படப்பாட்டுகளே இடம் பெறும். எவரும் கேட்டிராத ஒரு தட்டை நம்பிச் சுமந்து வருபவர் யார்?

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப் பெற்றது. அவ்வடம் கரையேறும் இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. அதன் பின்னர், சென்னையில் ஒலிக்கும் எதுவும் நொடிப்பொழுதில் இங்கும் ஒலிக்கும் நிலை ஏற்பட்டது. வழி திறந்ததேயன்றி, கேட்கும் வழக்கம் மாறவில்லை. பெட்டியில் இடமின்மை நீங்கிய பின்னும் பழைய பாட்டுகளையே நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தோம்.

இந்நிலையில், 2025ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், லண்டன் மாநகரில் இளையராஜா அவர்களின் சிம்பொனி அரங்கேறியது. செய்தித்தாள்களில் வெளிவந்த அச்செய்தி எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் பேச்சாயிற்று. 'படப்பாட்டு எழுதியவர் திடீரென்று இப்படி ஒன்றை எழுதிவிட்டாரே' என்று ஒருவர் வியந்தார். திடீரென்று அன்று, இதற்கு வித்து முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே இடப்பட்டது என்று கூறி, இத்தட்டை எடுத்துக் காட்டினோம். அன்று மாலையே அனைவரும் கேட்பது என்று முடிவாயிற்று. பத்து உருப்படிகளையும் இடையில் பேசாமல் ஒருமுறை கேட்பது. தேநீருக்குப் பின் மறுமுறை கேட்பது. அதன் பின்னரே கருத்துக் கூறுவது. இதுவே நாங்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு.

தட்டின் இயல்பைச் சிறிது கூறுவது நலம். இதில் வாய்ப்பாட்டு இல்லை, கதையில்லை, கதாநாயகனும் இல்லை. மேலைநாட்டு முறையில் அமைந்த நரம்பிசைக் கருவிகளின் கூட்டமும், அவற்றின் நடுவே வி. எஸ். நரசிம்மன் அவர்களின் தனி வயலினும் ஒலிக்கின்றன. இரு பெரியோர்க்கு இத்தட்டு காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஒருவர் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர். மற்றவர் ஜெர்மானிய நாட்டு இசைப் பேராசான் ஜொஹான் செபாஸ்டியன் பாக். 1750ஆம் ஆண்டில் பாக் மறைந்தார். 1767ஆம் ஆண்டில் தியாகராஜர் பிறந்தார். இவ்வுலகில் ஒருவரையொருவர் காண இயலாத அவ்விருவரையும் ஒரே கூடத்தில் அமர்த்துவதே இத்தட்டின் முயற்சி. ஓர் உருப்படிக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்றே பெயர். 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்பது பொருள். தனி வயலினுக்காகப் பாக் எழுதிய ஓர் இசையின் தொடக்கப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தம் இசையை இளையராஜா இழைத்திருக்கிறார். அடுத்த உருப்படியின் பெயர், 'பின்னர் நாங்கள் உரையாடினோம்' என்ற பொருள்படுவது. வீட்டிற்கு வந்த விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்ததைப் போன்ற எளிமை அப்பெயர்களில் இருக்கிறது.

இனி, கேட்டவர் கருத்துக்கு வருவோம்.

முதலில் பேசியவர் துறைமுகப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற, தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர். நாங்கள் அனைவரும் அவரை அண்ணாச்சி என்போம். "இதில் பாட்டு எங்கே இருக்கிறது? பந்தல் போட்டாயிற்று; மேளகாரரும் வந்தாயிற்று; பெண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் காணோமே!" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். ஆயினும் அச்சொல்லில் உண்மை உண்டு. படப்பாட்டில் பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே வரும் இசையை நாம் இவ்வளவு காலமும் பாட்டு வருவதற்குக் காத்திருக்கும் நேரமாகவே கருதி வந்திருக்கிறோம். அவ்விடையிசையே தனியே எழுந்து நின்று தன்னைக் கேட்குமாறு கூறும்போது, நமக்குத் திகைப்பு உண்டாவது இயல்பே.

அடுத்து, கும்பகோணத்தில் இளமையில் முறையாகச் சங்கீதம் பயின்ற ஓர் அம்மையார் பேசினார். இராகத்தின் சாயல் தோன்றுகிறது. அதில் மனம் படியும் வேளையில் வேறொரு கருவி குறுக்கே புகுந்துவிடுகிறது. நம் இராகத்திற்கு உயிர் கமகத்தில் அன்றோ இருக்கிறது, பலர் கூடி ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியில் செல்லும்போது ஒவ்வொருவரும் தத்தம் சுவரத்தில் அசையாது நின்றாலல்லவா இடித்துக்கொள்ளாமல் செல்லலாம் என்பது அவர் குறை. தனி வயலின் மட்டும் ஒலிக்கும் இடங்களில் அக்குறை தமக்குத் தோன்றவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். எங்களுள் எவரும் கூறாத நுட்பமான கருத்து இது. இரு மரபுகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் படைப்பாளனின் பொறுப்பு இருக்கிறது.

மூன்றாமவர் கைபேசி பழுது பார்க்கும் இளைஞர். அவர் நாள்தோறும் கேட்பது மேலைநாட்டு ராக் இசைக்குழுக்களின் பாட்டுகள். "மேலே உள்ள வயலினையே எல்லாரும் கேட்கிறீர்கள், கீழே நடக்கும் தாழ்ந்த குரலைக் கேளுங்கள். எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவது அதுதான்" என்றார் அவர். ஒலிப்பதிவு இக்காலத்துக்கு மெலிவாகப் படுகிறது என்றும் குறை கூறினார். பின்னர் அண்ணாச்சியை நோக்கி, "இது நான் பிறப்பதற்கு முன்பே வந்திருக்கிறது. உங்களில் ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லையே?" என்று வினவினார். அதற்கு எவரிடமும் விடையில்லை.

வேறோர் அம்மையார், பாலு மகேந்திரா அவர்கள் இயக்கி 1988ஆம் ஆண்டில் வெளிவந்த 'வீடு' என்னும் படத்தைப் பார்த்தவர். சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முயலும் பெண்ணொருத்தியின் துன்பத்தைக் கூறும் அப்படத்தில் பாட்டே கிடையாது. இத்தட்டின் இசையே அதில் பின்னணியாக அமைந்தது. "இதை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று உள்ளம் தவித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பாதி கட்டிய சுவரைப் பார்த்து நின்றது நினைவுக்கு வருகிறது" என்றார் அவர். கண்ணெதிரே கதை இருந்தபோது செவியில் விழுந்த இசைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இவ்வாறு ஒருவர் கருத்து மற்றவர் கருத்தோடு முரண்பட்டது. இவற்றைக் கேட்டபோது, இத்தட்டு கவனிக்கப்படாமற் போனதன் காரணம் எங்களுக்கு ஒருவாறு விளங்கிற்று. இதனை அறிந்தோர் போற்றாமல் இல்லை. இசைப் பயிற்சி உள்ளோர் பலர் இதனை உயர்வாகவே மதித்து வந்துள்ளனர். ஆனால், இளையராஜாவின் படப்பாட்டுகளைத் தினந்தோறும் கேட்கும் பெருந்திரளான மக்களில் இதனிடம் வந்து சேர்ந்தவர் சிலரே. 1986ஆம் ஆண்டிலேயே 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' ஆகிய படங்களின் பாட்டுகளும் வெளிவந்தன. அவர் எழுதிய பாட்டுகளின் முழக்கத்திலேயே அவர் எழுதிய இத்தட்டின் குரல் அமிழ்ந்துவிட்டது எனலாம். மேலும், இதனை எந்த வரிசையில் வைப்பது? படப்பாட்டு என்றால் படம் இல்லை. கருநாடக இசை என்றால் கச்சேரி இல்லை. மேனாட்டு இசை என்றால் இராகம் தலை காட்டுகிறது. பெயரிலேயே வினாவைக் கொண்ட தட்டுக்கு விடை கூற யாரும் முன்வராமையால், அது தனியே நின்றுவிட்டது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1991ஆம் ஆண்டில், மால்குடி சுபா அவர்கள் ஆங்கிலத்தில் பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்னும் பாப் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் அப்போது திலீப் என்று அறியப்பட்டிருந்த ஏ. ஆர். ரஹ்மான். அதுவும் அன்று எவர் கவனத்தையும் கவரவில்லை. 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' வெளிவந்து அவர் பெயர் நாடெங்கும் பரவிய பின்னர், அத்தொகுப்பு மீண்டும் வெளியிடப்பட்டது. ஒன்று, இயற்றியவர் பெயர் தெரியாமையால் மறைந்தது. மற்றொன்று, பெயர் மிக நன்றாகத் தெரிந்திருந்தமையால் மறைந்தது. ஏனெனில், பெயரைக் கேட்டவுடன் நாம் எதை எதிர்பார்த்தோமோ அதனை இது தரவில்லை. பாக்கின் வரலாறும் ஒருவகையில் இத்தகையதே. அவர் மறைந்து 79 ஆண்டுகள் சென்ற பின், 1829ஆம் ஆண்டில், மெண்டல்சன் என்னும் இளைஞர் பெர்லினில் அவருடைய பெரும் படைப்பொன்றை மீண்டும் அரங்கேற்றிய போதே மக்கள் அதன் பெருமையை உணர்ந்தனர். நல்ல இசை காத்திருக்கும். ஆனால் அது தானாக எழுந்து வருவதில்லை. எவரேனும் ஒருவர் எடுத்துக் கேட்பிக்க வேண்டும்.

இனிக் கூறப்போவதே எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது. அன்றைய கூட்டத்திற்கு அண்டை வீட்டு வங்காளி நண்பர் ஒருவரும் வந்திருந்தார். முன்பும் சிலமுறை வந்ததுண்டு. அப்போதெல்லாம் பாட்டு முடிந்ததும், அதன் பொருள் என்ன என்று கேட்பார். நாங்கள் இந்தியில் அரைகுறையாக விளக்குவோம். அவரும் மரியாதைக்குத் தலையசைப்பார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அத்தலையசைப்பின் பொருள் நன்கு தெரியும். அன்றோ அவர் எதுவும் கேட்கவில்லை. எல்லாரையும் போல அவரும் தம் கருத்தைக் கூறினார். பல கருவிகள் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் இசை, தமக்கு ரங்கத் கடைத்தெருவை நினைவூட்டுகிறது என்றார். அங்கே வங்காளியும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. யாரும் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. ஆயினும் மீன் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. பல குரல் இசை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் நூல்களிலும் கண்டதில்லை. விருந்தினராக வந்தவர் அன்று எங்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார்.

அவர் பேசி முடித்ததும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி, இந்தியில், "எனக்கும் யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை" என்றாள். அவள் ரங்கத்திலேயே பிறந்தவள். வீட்டில் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பாட்டில் வரும் தமிழ் பாதி புரியாது. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பாட்டு ஒலிக்கும் இடத்தில் தன்னைத் தேர்வில் தவறியவளைப் போல எண்ணிக்கொள்ளும் பெண், அன்று முதன்முறையாக இரண்டாவது முறையும் முழுதும் அமர்ந்து கேட்டாள்.

அவளுடைய தாயார் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. "ஐயா, இது நம் இசை என்கிறீர்கள். தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லாத இதை நம்முடையது என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்கும் நமக்கும் நடுவே இருப்பது இந்தப் பாட்டுச் சொல் என்ற ஒரே கயிறு. அதுவும் வேண்டாம், வெறும் இசையே போதும் என்று இருந்துவிட்டால் நாளைக்கு இவர்களிடம் தமிழில் என்னதான் மிஞ்சும்?" என்று கேட்டார். அண்ணாச்சியும் அவர் பக்கமே பேசினார். வெளிமாநிலங்களில் வாழும் நீங்கள் ஒவ்வொருவரும் இக்கேள்வியை ஏதேனும் ஒரு வடிவில் எதிர்கொண்டிருப்பீர்கள்.

இத்தட்டின் பெயரைத் தமிழாக்க முயன்றபோது நமக்கும் ஓர் இடர் நேர்ந்தது. ஆங்கிலத்தில் உள்ள 'இட்' என்னும் சொல்லுக்கு அண்மையும் இல்லை, சேய்மையும் இல்லை. தமிழிலோ 'இதற்கு' என்றாவது 'அதற்கு' என்றாவது கூறியாக வேண்டும். 'இதற்கு எப்படிப் பெயரிடுவது' என்றால் கையருகே உள்ளது. 'அதற்கு' என்றால் எட்ட நிற்பது. தமிழில் பெயரிடப் புகுந்தவன், பொருள் தன்னுடையதா பிறருடையதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அத்தாயாரின் வினாவும் இதுவே.

இவ்வினாவுக்கு எங்களால் இயன்ற விடை, அத்தட்டில் ஒலித்த வயலினிலிருந்தே கிடைத்தது. வயலின் நம் நாட்டில் தோன்றிய கருவி அன்று, கப்பலேறி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பிய முறையில் அதனைக் கற்று, நம் இசைக்குரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இருக்கையை மாற்றிக்கொண்டது, நம்மோடு தரையில் அமர்ந்தது, சுருதியை நமக்கேற்றவாறு கூட்டிக்கொண்டது, கமகத்தைக் கற்றது. வந்த ஊரில் வேரூன்றியும், பிறந்த ஊரில் பாக்கின் இசையை வாசிக்கும் ஆற்றலை இழக்காமலும் இருக்கிறது. குடிபெயர்ந்தோர்க்கு இதனினும் ஆறுதல் தரும் உவமை வேறுண்டோ?

ஆயினும், ஒன்றை மறந்துவிடலாகாது. வயலினுக்குக் கமகம் தானாக வந்துவிடவில்லை. நாள்தோறும் கையைப் பிடித்துக் கற்பித்த ஆசிரியர் இருந்தனர். எனவே, தாயாரின் அச்சத்தில் நியாயம் உண்டு. இசை தமிழைக் கற்பிக்காது. அதனை வீட்டிலும் கூட்டத்திலும் நாமே கற்பிக்க வேண்டும். சொல்லற்ற இசை செய்யக்கூடியது வேறொன்று. வாயிலில் தயங்கி நிற்கும் பிள்ளையை, தோற்றுப்போனவள் என்ற எண்ணமின்றி உள்ளே வந்து அமரச் செய்கிறது. அமர்ந்த பின்னர்ச் சொல்லைக் கொடுப்பது நம் கடமை.

அவ்வாறே அடுத்த மாதக் கூட்டத்தில், 2005ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவாசகம்' இசைப்படைப்பை எடுத்துக்கொண்டோம். அதில் மேனாட்டுப் பேரிசைக் குழுவும் இருக்கிறது; மாணிக்கவாசகரின் தமிழும் இருக்கிறது. பாடல் அடிகளைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி எல்லார் கையிலும் கொடுத்தோம். அந்த மாணவி இரண்டு சொற்களுக்குப் பொருள் கேட்டாள். அத்தாளை மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் எதுவும் நிகழ்ந்துவிட்டதாக நாங்கள் கூறவில்லை. அண்ணாச்சிக்கு 'ஹௌ டு நேம் இட்?' இன்றும் மாப்பிள்ளை இல்லாத பந்தலே. கும்பகோணத்து அம்மையாரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

நீங்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், திங்களுக்கொருமுறையேனும் நாலு குடும்பங்கள் ஒன்றுகூடி, எல்லாரும் அறிந்த பாட்டுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, கவனிக்கப்படாத ஓர் இசைத்தட்டை முழுமையாகக் கேளுங்கள். அண்டை வீட்டாரையும் அழையுங்கள். பிள்ளைகள் கருத்தைக் கடைசியில் கேட்காமல் நடுவிலேயே கேளுங்கள். கருத்துகள் மாறுபடட்டும். நம் இசை நமக்குள்ளேயே எத்தனை வகையாகக் கேட்கப்படுகிறது என்று அறிந்துகொள்வதும் ஒரு கல்வியே.